வாடகை நிலுவையும் ‘என்-4’ படிவமும்: ரொறன்ரோவில் அவசர உதவியை எங்கே தேடுவது

ஸ்காபுறோவில் ஒரு தனி வீட்டின் பேஸ்மென்றில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில், இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறீர்கள். தொழிற்சாலையில் கணவரின் வேலை நேரம் குறைந்ததால் இரண்டு மாத வாடகை நிலுவையாகிவிட்டது. வீட்டுக்காரர் ‘என்-4’ என்ற படிவத்தைக் கொடுத்து, அதில் எழுதியுள்ள நாளுக்குள் வெளியேறச் சொல்கிறார். அவசர உதவி எங்கே கிடைக்கும், அதுவரை எங்கே தங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது இருக்கும் வீட்டிலேயே தங்குங்கள். ஒன்ராறியோவில் வாடகை நிலுவைக்கென்று ஒதுக்கப்படும் பொதுப் பணம் பெரும்பாலும், இருக்கிற வீட்டை ஒரு குடும்பம் இழக்காமல் காப்பதற்கான பணம். பயத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டால், காப்பதற்கு வீடு இல்லை என்ற காரணத்தால் அந்த உதவி கைநழுவிவிடும். நிலுவையோ உங்களை விட்டுப் போகாது. வெளியேறி ஓராண்டுக்குள் அதைக் கேட்டு வீட்டுக்காரர் வழக்குப் போடலாம்.

‘என்-4’ என்பது வெளியேற்ற உத்தரவு அல்ல. வாடகை பாக்கியிருக்கிறது, இந்த நாளுக்குள் கட்டாவிட்டால் மேல்நடவடிக்கை எடுப்பேன் என்று வீட்டுக்காரர் தரும் அறிவிப்பு மட்டுமே அது. குறித்த நாளுக்குள் முழு நிலுவையையும் கட்டினால் அந்த அறிவிப்பு செல்லாமல் போய்விடும். கட்டாவிட்டால் அவர் வீட்டு உரிமையாளர் மற்றும் குடியிருப்போர் தீர்ப்பாயத்தில் ‘எல்-1’ என்ற விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். அதன்பின் விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டு உங்களுக்கு அறிவிப்பு வரும். உத்தரவு பிறப்பதற்குள் நிலுவையோடு அவர் கட்டிய விண்ணப்பக் கட்டணத்தையும், அது ஏறத்தாழ 200 டொலர், சேர்த்துச் செலுத்தினால் வழக்கு முடிந்துவிடும். உத்தரவு வந்த பிறகும், அது நிறைவேற்றப்படும் முன்னர் எல்லாத் தொகையையும் கட்டி அதை இரத்துச் செய்யக் கேட்கும் வாய்ப்பு ஒரு குடியிருப்புக் காலத்தில் ஒருமுறை உண்டு. கதவைப் பூட்டி உங்களை வெளியேற்றும் அதிகாரம் நீதிமன்ற அமலாக்க அலுவலரான ஷெரிப் ஒருவருக்குத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றினாலோ, மின்சாரத்தையோ வெப்பத்தையோ நிறுத்தினாலோ அது குற்றம்; மாகாணத்தின் வாடகை வீட்டு அமலாக்கப் பிரிவில் முறையிடலாம். இவ்வளவு படிகள் இருப்பது வாடகை கட்டாமல் காலம் கடத்துவதற்காக அல்ல. உதவிப் பணம் வந்து சேரச் சில வாரங்கள் பிடிக்கும்; அந்த வாரங்கள் உங்களுக்கு இருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

இந்த இடைவெளியில் கையெழுத்து விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. நம்மவர்களிடையே வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒரே ஊர்க்காரராகவோ தூரத்து உறவாகவோ இருப்பது சாதாரணம் என்பதால், “அண்ணை, பிரச்சினை வேண்டாம், இதில் ஒரு சைன் வையுங்கோ” என்று நீட்டப்படும் தாளை வாசிக்காமலே ஒப்பமிடுகிறோம். அந்தத் தாள் ‘என்-11’ ஆக இருந்தால், நீங்களாகவே விரும்பி வீட்டை விட ஒப்புக்கொண்டீர்கள் என்று பொருள். நிலுவையைத் தவணையாகக் கட்டும் உடன்படிக்கை நல்லதுதான், பல வீட்டுக்காரர்கள் அதையே விரும்புவார்கள். ஆனால் தீர்ப்பாயத்தில் பதிவான தவணை ஒன்றை நீங்கள் தவறவிட்டால், சில சந்தர்ப்பங்களில் மறு விசாரணை இல்லாமலே வெளியேற்ற உத்தரவு பெற வீட்டுக்காரருக்கு வழி இருக்கிறது. ஆகவே மாதம் 300 டொலர்தான் முடியும் என்றால் 300 என்றே சொல்லுங்கள். வெட்கத்துக்காக 700 என்று ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, உங்கள் வீட்டின் சமையலறையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் பேஸ்மென்றில் இருப்பவர்களையும் காக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வாடகையைக் காசாகவே கொடுத்து வந்தாலும், அந்தப் பேஸ்மென்ற் நகரசபையின் அனுமதி இல்லாமல் கட்டப்பட்டதாக இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு பொருந்தும். ஆனால் வீட்டுச் சொந்தக்காரரோ அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரில் ஒருவரோ அதே வீட்டில் வசித்து, சமையலறையையோ குளியலறையையோ நீங்கள் அவர்களோடு பகிர வேண்டிய ஏற்பாடாக இருந்தால், அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. அந்த நிலையில் ‘என்-4’ம் இல்லை, தீர்ப்பாயமும் இல்லை, சில நாள் அவகாசத்தில் வெளியே போகச் சொல்லலாம். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தையோ வாசலையோ பகிர்வது இதில் சேராது. உங்களுக்குத் தனி அடுப்பும் தனிக் குளியலறையும் இருப்பதாக எழுதியிருப்பதால் நீங்கள் சட்டத்தின் காப்புக்குள் இருக்கிறீர்கள். மேல்மாடியில் ஓர் அறையை மட்டும் எடுத்து, வீட்டுக்கார அம்மாவின் சமையலறையிலேயே சமைக்கும் மாணவரோ தனியாளோ இதைப் படித்தால், அவர் இந்தப் படிகளை நம்பிக் காத்திருக்காமல் உடனே மாற்றிடம் தேட வேண்டும்.

பணத்துக்கு வருவோம். வாடகை உதவி கனடா முழுவதற்கும் ஒன்றாக வழங்கப்படுவதில்லை. மாகாணம் முழுவதற்கும் கூட ஒன்றல்ல. ஒன்ராறியோ இந்தப் பொறுப்பை 47 உள்ளூர் நிர்வாகங்களிடம் கொடுத்திருக்கிறது. எந்த நிதி உங்களுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் முகவரியே தீர்மானிக்கிறது. ஸ்ரீல்ஸ் வீதியின் தெற்குப் பக்கத்தில் இருந்தால் ரொறன்ரோ மாநகரம். அதே வீதியைக் கடந்து வடக்குப் பக்கம், மார்க்கத்தில், இருந்தால் யோர்க் பிராந்தியம். பிக்கறிங், எஜாக்ஸ் என்றால் டுர்ஹாம். பிரம்ரன், மிசிசாகா என்றால் பீல். ஒருவர் மார்க்கத்தில் இருந்துகொண்டு, ஸ்காபுறோவில் இருக்கும் மச்சானுக்குக் கிடைத்த உதவியைத் தானும் கேட்டு ரொறன்ரோ அலுவலகங்களில் வாரக்கணக்கில் அலைவதைத் தவிர்க்க ஓர் எளிய வழி, முதலில் 211 என்ற இலக்கத்தை அழைப்பது. இந்தச் சேவை கனடாவில் முதன்முதலாக 2002இல் ரொறன்ரோவில்தான் தொடங்கியது. இலவசம், இரவும் பகலும் இயங்கும். “தமிழ்” என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். 211 பணம் தருவதில்லை. உங்கள் அஞ்சல் குறியீட்டுக்கு எந்தெந்த நிறுவனம் பொறுப்பு, எதற்கு யார் தகுதி என்பதைத்தான் சொல்லும். அழைக்கும்போது “உதவி வேண்டும்” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “வாடகை நிலுவைக்கு நிதி வேண்டும், ‘என்-4’ வந்திருக்கிறது, குறித்த நாள் இது” என்று சொன்னால் பொருத்தமான பதில் கிடைக்கும்.

ரொறன்ரோவுக்குள் இருக்கும் உங்களுக்கு முக்கியமான இடம், வாடகை நிலுவையைத் தீர்க்க உதவும் ரொறன்ரோ வாடகை வங்கி. பெயரில் வங்கி இருந்தாலும் இப்போது அது கடன் கொடுப்பதில்லை. முன்னர் வட்டியில்லாக் கடனாக இருந்தது, பிறகு திருப்பிச் செலுத்த வேண்டாத மானியமாக மாற்றப்பட்டது. பழைய காலத்தில் வாங்கியவர்கள் சொல்வதைக் கேட்டு, இன்னொரு கடனா என்று பலர் விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். பணம் உங்கள் கைக்கு வராது. வீட்டுக்காரருக்கு நேரே போகும். ஆகவே அவரிடமிருந்து நிலுவை எவ்வளவு என்பதற்கான உறுதியும் அவருடைய விபரங்களும் தேவைப்படும். கோபத்தில் அவரோடு பேச்சை முறித்துக்கொண்டால், உங்களுக்கு வர வேண்டிய உதவிக்கு நீங்களே தடையாகிவிடுவீர்கள். “உங்கள் பாக்கியை நகரசபை கட்டப் போகிறது, ஒரு படிவத்தை மட்டும் நிரப்பித் தாருங்கள்” என்று சொன்னால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்; அவருக்கும் வீட்டுக் கடன் தவணை இருக்கும்.

வாடகை வங்கியில் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் மனத்தில் வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த நிலுவையை நாங்கள் தீர்த்துவிட்டால், அடுத்த மாத வாடகையை இந்தக் குடும்பம் எப்படிக் கட்டும்? வருமானம் தொடர்ந்து வாடகையைவிடக் குறைவாகவே இருக்கும் என்று தாள்கள் காட்டினால், இரண்டு மாதத்தில் மீண்டும் இதே நிலைதான் வரும் என்று அவர்கள் தயங்குவார்கள். எனவே உங்கள் விண்ணப்பம் கஷ்டத்தை விவரிப்பதோடு நிற்கக் கூடாது. அது எப்படி வந்தது, எப்படித் தீரப் போகிறது என்பதையும் காட்ட வேண்டும். வேலை நேரம் எந்த மாதத்தில் குறைந்தது என்பதற்குச் சம்பளச் சீட்டுகள், அது கூடப் போவதாக முதலாளி தந்த கடிதம் அல்லது நீங்கள் தேடிக்கொண்ட பகுதிநேர வேலையின் கடிதம், பிள்ளைகளுக்கான கனடா அரச கொடுப்பனவின் விபரம், கடைசி இரண்டு மூன்று மாத வங்கிக் கூற்றுகள், ‘என்-4’ படிவம், வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டைகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கூற்றில் சீட்டுக்கட்டியதும் ஊருக்கு அனுப்பியதும் தெரியும். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், இனி நிறுத்தியிருப்பதையும் சொல்லுங்கள்.

காசாகவே வாடகை கொடுத்து வந்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். ஒப்பந்தமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை என்றால் குடியிருப்பதை எப்படிக் காட்டுவது? குடியிருப்பவர் கேட்டால் வாடகைப் பற்றுச்சீட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அதற்குப் பயந்தே சிலர் “ரக்ஸில் காட்ட வேண்டாம்” என்ற நிபந்தனையோடு வீட்டைக் கொடுக்கிறார்கள். அந்த நிபந்தனைக்கு உடன்பட்டுக் கட்டிய வாடகையை வரிப் படிவத்தில் காட்டாமல் விட்டால், ஒன்ராறியோ ட்ரில்லியம் கொடுப்பனவில் வாடகையை அடிப்படையாகக் கொண்டு கிடைக்க வேண்டிய பகுதியை ஆண்டுதோறும் இழக்கிறீர்கள். வாடகை சற்றுக் குறைவு என்று நினைத்து எடுத்த வீட்டின் உண்மையான விலையில் இதுவும் அடங்கும் என்பது என் கருத்து. ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் ஈ-ட்ரான்ஸ்பரில் அனுப்பிய பதிவு, வட்ஸ்அப்பில் வாடகை பற்றிப் பேசிய செய்திகள், இந்த முகவரிக்கு வந்த பாடசாலைக் கடிதங்கள் ஆகியவை கைகொடுக்கும். வீட்டுக்காரர் கையில் கொடுத்த ‘என்-4’ படிவமே, நீங்கள் அவருடைய குடியிருப்பாளர் என்பதற்கு அவர் தந்த எழுத்துச் சாட்சிதான்.

வெல்பெயர் என்று நம்மவர்கள் அழைக்கும் சமூக உதவிப் பணமான ஒன்ராறியோ வேர்க்ஸையோ, உடல் இயலாமைக்கான மாகாணக் கொடுப்பனவையோ பெறுபவர்களுக்கு ரொறன்ரோவில் வேறொரு வழி இருக்கிறது. அவர்கள் தங்கள் பொறுப்பு அலுவலரிடம் வீட்டு நிலைப்படுத்தல் நிதியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அலுவலர் தானாக நினைவுபடுத்துவார் என்று காத்திருக்க வேண்டாம். வேலையில் இருப்பவர்களும் வருமானமும் சேமிப்பும் போதாத நிலையில் ஒன்ராறியோ வேர்க்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை செய்தால் அது கிடைக்காது என்பது தவறான எண்ணம். ஆனால் அதையே நம்பி ரொறன்ரோவில் வாடகை கட்டிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். தனி ஒருவருக்கு மாதம் அதிகபட்சம் 733 டொலர், அதில் வீட்டுக்கென்று 390 டொலர். இந்தத் தொகை 2018இலிருந்து உயரவில்லை. 390 டொலருக்கு ஸ்காபுறோவில் இன்று ஓர் அறைகூடக் கிடைப்பது அரிது. வேலை இழந்தவர்களுக்கு மத்திய அரசு தரும் வேலைக் காப்புறுதியைப் பொறுத்தவரை, நேரம் குறைந்ததற்காக மட்டும் அது வழக்கமாகக் கிடைப்பதில்லை; தொடர்ந்து 7 நாள் வேலையும் ஊதியமும் இல்லாதிருக்க வேண்டும். தொழிற்சாலை முழுவதற்கும் நேரத்தைக் குறைத்திருந்தால், முதலாளி மத்திய அரசோடு வேலைப் பகிர்வு ஒப்பந்தம் செய்யலாம், அப்போது தொழிலாளருக்குக் காப்புறுதியிலிருந்து ஒரு பகுதி வரும். இதை முதலாளியிடம் கேட்பதில் தவறில்லை.

விசாரணைக்கு அறிவிப்பு வந்துவிட்டால் சட்டத்தரணிக்குப் பணம் வேண்டுமே என்று கலங்க வேண்டாம். சட்ட உதவி ஒன்ராறியோவின் நிதியில் இயங்கும் சமூகச் சட்ட மையங்கள் குறைந்த வருமானத்தாருக்கு வீட்டு வழக்குகளை இலவசமாகப் பார்க்கின்றன. ஸ்காபுறோவுக்கு அத்தகைய மையம் இருக்கிறது. தெற்காசியர்களுக்கான ஒன்ராறியோ சட்ட மையத்தில் தமிழிலேயே பேசலாம். விசாரணை நாளன்று குடியிருப்போருக்கு உதவவென்று பணியிலிருக்கும் சட்ட ஆலோசகர் இலவசமாக உங்களோடு பேசி, வீட்டுக்காரரோடு உடன்படிக்கை செய்ய உதவுவார். விசாரணைகள் இப்போது பெரும்பாலும் காணொளி வழியாக நடக்கின்றன, தொலைபேசியிலும் சேரலாம். மொழிபெயர்ப்பாளரை நீங்களே முன்கூட்டி ஏற்பாடு செய்வது நல்லது. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க இருத்தாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் விசாரணைக்குப் போகாமல் இருக்க வேண்டாம். குடும்பச் சூழ்நிலையைக் கருதி வெளியேற்றத்தை மறுக்கவோ தள்ளிவைக்கவோ தீர்ப்பாளருக்குக் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. உங்கள் சூழ்நிலையையும், வாடகை வங்கிக்கு விண்ணப்பித்திருப்பதையும் நீங்கள் வந்து சொன்னால்தான் அவர் அதைக் கருத முடியும்.

இத்தனைக்கும் பிறகு வீட்டை இழக்க நேர்ந்தால், ரொறன்ரோவில் அவசரத் தங்குமிடத்துக்கான முக்கியமான பொது வாசல் நகரசபையின் மைய அனுமதிச் சேவை. 416-338-4766 அல்லது நகரத்துக்குள்ளிருந்து 311. தனித்தனித் தங்குமிடங்களின் கதவைத் தட்டிப் பயனில்லை. குடும்பங்களையும் இவர்கள்தான் இடம்பார்த்து அனுப்புவார்கள். உண்மையைச் சொல்வதென்றால், இடமில்லை என்ற பதிலோடு பல அழைப்புகள் முடிகின்றன. காலையில் இல்லையென்றால் மாலையிலும் இரவிலும் திரும்ப அழைக்க வேண்டும். கிடைக்கும் இடம் ஸ்காபுறோவிலேயே இருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது, பிள்ளைகளின் பாடசாலை தூரமாகிவிடலாம். குடிவரவு நிலையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அகதிக் கோரிக்கையாளர், விசா முடிந்தவர், மாணவர் எவராயினும் நகரசபையின் சேவைகளைப் பயமின்றிப் பெறலாம் என்ற கொள்கையை ரொறன்ரோ 2013இல் ஏற்றுக்கொண்டது. வீட்டில் அடி உதை என்பதால் வெளியேற வேண்டிய பெண்ணுக்கு வழி வேறு. தாக்கப்பட்ட பெண்களுக்கான உதவி இலக்கம் 416-863-0511, எந்நேரமும் இயங்கும். பெண்களுக்கான தங்குமிடங்களின் முகவரி வெளியே சொல்லப்படுவதில்லை. வாடகை ஒப்பந்தம் அந்தப் பெண்ணின் பெயரில் இருந்தாலும், வன்முறையைக் காரணம் காட்டி 28 நாள் அறிவிப்போடு அதிலிருந்து விலகச் சட்டம் இடம் கொடுக்கிறது.

வருமானத்தை அளவாகக் கொண்டு வாடகை கணிக்கப்படும் அரச வீடுகளுக்கும் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். அது அவசர உதவி அல்ல. காத்திருப்பு பல ஆண்டுகள், சில வகை வீடுகளுக்குப் பத்தாண்டுக்கும் மேல். ஆனால் வரிசையில் உங்கள் இடம் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதால் தள்ளிப்போடுவதில் இலாபமில்லை. முகவரியோ தொலைபேசி இலக்கமோ மாறினால் அறிவித்துவிடுங்கள். அழைப்பு வந்தபோது பதில் சொல்லாததால் பட்டியலிலிருந்து பெயர் நீங்குவது உண்டு.

வேறு வீடு பார்க்க முடிவு செய்தால், வாடகை வங்கியிடம் புதிய வீட்டின் முற்பணத்துக்கும் உதவி கேட்கலாம். வெல்பெயர் பெறுகிறீர்கள் என்ற காரணத்துக்காக ஒருவர் வீடு தர மறுப்பதை ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையை மட்டும் முற்பணமாகக் கேட்கலாம். சேதத்துக்கென்று கூடுதல் வைப்புத் தொகை கேட்பது சட்டத்துக்கு முரண். படங்களை மட்டும் காட்டி, தான் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லி, திறப்பைத் தபாலில் அனுப்புகிறேன் என்று ஈ-ட்ரான்ஸ்பர் கேட்பவருக்கு ஒரு டொலரும் அனுப்பாதீர்கள். வீட்டுக்குள் நின்று பார்த்து, பெயரும் முகவரியும் எழுதிய ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒப்பமிட்ட பிறகே பணம் கொடுத்து, அதே இடத்தில் பற்றுச்சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.